யாருக்கு அது அயல்நாடு?
மூன்று மிஷனரி மனைவியரும் கிறிஸ்துமஸும்

மிஷன் வரலாறுகளில் அடிக்கடி வரும் சொல் ‘மிஷனரி தம்பதி’. இன்ன ஆண்டில் இன்னார் தம்பதி வந்திறங்கினர், இன்ன ஊரில் நாற்பது ஆண்டு ஊழியம் செய்தனர், அங்கேயே முதுமை எய்தினர் என்று வாக்கியம் தொடங்கும். அடுத்த வரியிலேயே அந்தப் பன்மை ஒருமையாகிவிடும். அவர் கோயில் கட்டினார், அவர் அகராதி தொகுத்தார், அவர் பிரசங்கித்தார். மனைவி கணவர் பெயரின் முன்னால் ஒட்டிய ‘திருமதி’யாக எங்கோ நிற்பார்.

இது எழுதுபவரின் கவனக்குறைவால் மட்டும் வந்ததல்ல. அமைப்பே அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பிய அமெரிக்கன் போர்டு, மிஷனரியின் மனைவியைத் தன் பட்டியலில் ‘துணை மிஷனரி’ என்று குறித்தது. மணமான மிஷனரிக்குப் படி சற்றுக் கூடுதல். அந்தக் கூடுதலும் கணவர் பெயரில்தான் வந்தது. மணமாகாத பெண்களைத் தனி ஊழியராக அனுப்பும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. அதுவரை ஒரு பெண் இந்த வேலைக்கு வர விரும்பினால், அவளுக்குத் திறந்திருந்த முக்கிய வாசல் திருமணம்.

இந்தப் பெண்களைத் தேட எனக்குத் தோன்றிய ஒரு வழி, கிறிஸ்துமஸ் நாளைக் கவனிப்பது. பண்டிகை என்பது எந்த மதத்திலும் பெரும்பாலும் வீட்டு வேலை. பிரசங்கம் செய்ய ஒருவர் போதும். துணி வெட்டித் தைக்க, விடுதிச் சிறுமிகளுக்குப் பாட்டுப் பழக்க, பலகாரத்துக்கு மாவு அளந்து கொடுக்க, பரிசுகளைப் பங்கிட, ஊரிலுள்ள பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டும். டிசம்பர் 25 அன்று யார் என்ன செய்தார்கள் என்று கேட்டவுடன், தம்பதி இரண்டு தனி மனிதர்களாகப் பிரிந்து தெரிகிறார்கள். ‘அயல்நாட்டில் கிறிஸ்துமஸ்’ என்ற சொற்றொடரும் இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது புரிகிறது.

கணவனோடு அயல்மண்ணுக்குப் போய் அங்கேயே மூத்த மூன்று பெண்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். உடுவிலில் மேரி ஸ்போல்டிங், இடையன்குடியில் எலைசா கால்டுவெல், தோர்னக்கல்லில் அன்பு மாரியம்மாள் அசரியா.

பண்டிகை இல்லாத ஊரிலிருந்து

1819 ஜூனில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பலில் நான்கு இளம் தம்பதிகள் புறப்பட்டனர். வின்சுலோ, ஸ்போல்டிங், உட்வர்டு, ஸ்கட்டர் என்பன அவர்களின் குடும்பப் பெயர்கள். கல்கத்தா வழியாக இலங்கைக்கு வந்து, 1820இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். லீவை ஸ்போல்டிங்கும் மேரியும் அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் அந்த மண்ணிலேயே வாழ்ந்தார்கள். அவர் 1873இலும் மேரி 1874இலும் மறைந்தனர். ‘மூத்த மிஷனரி தம்பதி’ என்ற சொல் யாருக்காவது முழுமையாகப் பொருந்துமென்றால் இவர்களுக்குத்தான்.

இவர்கள் அயல்நாட்டில் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்று கேட்பவர் முதலில் ஒரு செய்தியை அறிய வேண்டும். இவர்கள் சொந்த ஊரிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடி வளர்ந்தவர்கள் அல்லர். நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபு அந்தப் பண்டிகையை ஏற்கவில்லை. வேதத்தில் தேதி இல்லை, கட்டளையும் இல்லை, ரோமச் சபை பிற்காலத்தில் சேர்த்த வழக்கம் என்பது அவர்கள் வாதம். மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதைத் தடைசெய்து, மீறியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. 1681இல் சட்டம் நீங்கினாலும் மனத்தடை நீங்க மேலும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. கடைகள் திறந்திருக்கும், பள்ளிகள் நடக்கும், வீடுகளில் அது இன்னொரு குளிர்கால நாள். மாசசூசெட்ஸில் டிசம்பர் 25 சட்டப்படி விடுமுறை ஆனது 1856இல். அமெரிக்கக் கூட்டரசு அதை விடுமுறையாக ஏற்றது 1870இல். அப்போது மேரிக்கு வயது எழுபத்தைந்து. யாழ்ப்பாணத்துக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் முடிந்திருந்தன.

ஆக, விட்டு வந்த ஊரில் இல்லாத பண்டிகையைத்தான் இந்த அமெரிக்கர்கள் வந்த ஊரில் கண்டார்கள். யாழ்ப்பாணத் தமிழில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் ‘நத்தார்’ என்று பெயர். போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற ‘நத்தால்’ என்ற சொல்லின் தமிழ் வடிவம் அது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியர் கத்தோலிக்கத்தைக் கொண்டுவந்தனர். 1658இல் டச்சுக்காரர் வந்ததும் கத்தோலிக்க வழிபாடு தடைக்குள்ளானது. ஜோசப் வாஸ் அடிகள் வீடு வீடாக மறைந்து ஊழியம் செய்த காலம் அது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கிறிஸ்துமஸ் இரவில், பூசைக்காக வீடுகளில் கூடியிருந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்களை டச்சு வீரர்கள் சுற்றி வளைத்துக் கைது செய்தனர். பொதுக்கோயில் இல்லாத காலத்தில் வீடுதான் கோயில். விளக்கை மறைத்து, குழந்தையின் அழுகையை அடக்கி அந்த இரவை ஏற்பாடு செய்யும் பொறுப்பு வீட்டுப் பெண்களுக்கும் இருந்தது. அமெரிக்கர் குடியேறிய தெல்லிப்பழை, வட்டுக்கோட்டைக் கோயில்களும் போர்ச்சுகீசியர் கட்டி, டச்சுக்காரர் பயன்படுத்தி, பிறகு பாழடைந்து கிடந்தவைதான். கிறிஸ்துமஸ் அங்கே வந்தவர்களின் சொத்தாக இருக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் விலை கொடுத்துக் காப்பாற்றி வைத்த வழக்கம் அது.

மேரி ஸ்போல்டிங்கின் நாள்கள் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியோடு பிணைந்தவை. அப்பள்ளியை 1824இல் தொடங்கியவர் ஹாரியட் வின்சுலோ. அவருடைய மகன் சார்லஸ் படிப்புக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டு, 1832இல் சிறுவனாகவே இறந்தான். 1833 ஜனவரியில் ஹாரியட்டும் இறந்தார். பள்ளி ஸ்போல்டிங் தம்பதியின் பொறுப்புக்கு வந்தது. ‘தம்பதியின் பொறுப்பு’ என்று எழுதும்போதே அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. லீவை ஸ்போல்டிங் மொழி வேலையிலும் பிரசங்கத்திலும் ஊர்ப் பயணத்திலும் இருந்தார். ஆங்கிலம்–தமிழ் அகராதிப் பணியில் அவர் பெயர் நிற்கிறது. வீட்டை ஒட்டியிருந்த விடுதியில், வீட்டை விட்டு வந்த சிறுமிகளுக்கு ஆண்டு முழுவதும் சோறு, துணி, காய்ச்சலுக்கு மருந்து, தையல், ஒழுங்கு என்று பார்க்க வேண்டியவர் மனைவி. 1840இல் எலைசா அக்னியூ என்ற மணமாகாத ஆசிரியை வந்து 1879 வரை பள்ளியை நடத்தினார். அதன் பிறகுதான் அந்த வேலைக்கு ஒரு பதவிப் பெயர் கிடைத்தது. மனைவியின் கையில் இருந்தவரை அது ‘உதவி’. சம்பள ஊழியர் கைக்குப் போனதும் அது ‘தலைமை’.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிப்பை முடித்துக் கிறிஸ்தவனை மணக்கும் பெண்ணுக்கு உடுவில் பள்ளியின் தொடக்க காலத்தில் மிஷன் சிறு சீதனம் கொடுத்தது. சீதனம் இல்லாமல் பெண் கரையேற முடியாத யாழ்ப்பாணச் சமூகத்தில், மகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோருக்கு அது ஒரு காரணமானது. கிறிஸ்துமஸ் என்ற ‘மனித வழக்கத்தை’ ஏற்கத் தயங்கிய மரபினர் சீதனம் என்ற வழக்கத்தோடு ஒத்துப்போனார்கள். எந்த வழக்கம் மதத்துக்கு எதிரானது, எதை விட்டுப்பிடிக்கலாம் என்று முடிவு செய்த கூட்டங்களில் வாக்கு ஆண்களுக்குத்தான் இருந்தது.

கடிதத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும் முன், கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர மாதக்கணக்காகும். பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்கா அனுப்புவது யாழ்ப்பாண மிஷனரிக் குடும்பங்களின் வழக்கம். ஆண்டிறுதியில் பிள்ளை கையில் கிடைக்க வேண்டிய வாழ்த்தை, பனை வெயில் கொளுத்தும் மாதங்களிலேயே தாய் எழுதி அனுப்ப வேண்டும். பிள்ளை எழுதும் பதில் வந்து சேரும்போது அவன் ஓரங்குலம் வளர்ந்திருப்பான். மிஷனரியின் தியாகம் என்று பிரசங்கங்களில் பேசப்பட்டதில் பெரும்பங்கு இந்தத் தாய்மாரின் காத்திருப்பு.

பிறந்த ஊரே அயல்நாடு

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார்க் கடலைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடு. செம்மணல், பனை, கிணற்றடி வாழை. அங்கே இடையன்குடிக்கு 1841இல் வந்தவர் ராபர்ட் கால்டுவெல். தமிழ் படித்த எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இல்லாமல் நம் பாடத்திட்டம் இல்லை. 1844இல் அவர் மணந்த எலைசாவின் பெயரைச் சொல்லச் சொன்னால் வகுப்பு மௌனமாகிவிடும்.

கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்தவர். அன்றைய ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையும் கிறிஸ்துமஸை விலக்கி வைத்த திருச்சபை. அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958இல்தான். ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்த பிறகே திருநாள் ஒழுங்கு முழுதும் கால்டுவெல்லின் ஊழியக் கடமையானது. அவருக்குக் கிறிஸ்துமஸும் பின்னால் வந்தது, தமிழ்நாடும் பின்னால் வந்தது.

எலைசாவின் கதை வேறு. அவர் 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். பெற்றோர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள், 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள். தமிழ் அவர் காதில் விழுந்தது தொட்டிலில். கணவர் இலக்கணமாகக் கற்ற மொழியை அவர் விளையாட்டில் கற்றார். பேச்சுத் தமிழில் எலைசா கணவரை விஞ்சியவர் என்று சொல்லப்படுவதில் வியப்பில்லை. இடையன்குடிப் பெண்களோடு அவர் பேசியது அவர்கள் தமிழில். டிசம்பர் என்றால் அவர் நினைவில் எழக்கூடியது வாடைக்காற்றும், அப்போதுதான் ஓய்ந்த அடைமழையும், குளங்களில் நிறைந்த தண்ணீரும். பனியும் பைன் மரமும் இங்கிலாந்திலிருந்து வந்த படங்களில் இருந்தவை. மிஷன் ஆவணங்கள் இத்தம்பதியை அயல்நாட்டில் இருப்பவர்களாக எழுதின. தம்பதியில் ஒருவருக்கு அது பிறந்த மண் என்பதற்கு அந்த ஆவணங்களில் கட்டம் இல்லை. மிஷனரி மகள் ‘தாயகம் திரும்புவது’ என்றால், தான் பிறக்காத நாட்டுக்குப் போவது.

மார்த்தா மால்ட் நாகர்கோவில் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்த கைத்தொழில் சரிகை நூல் பின்னல், நாம் ‘லேஸ்’ என்று சொல்வது. எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்கள் விடுதிப் பள்ளியையும் நடத்தினார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே அடிமைச் சாதிகளைச் சேர்ந்த சில பெண்கள் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை வாங்கினார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிக்கும் கைவிளிம்புக்கும் போன லேஸ் அது. அதைப் பின்னிய பெண்களின் சாதிக்கு மேலாடை அணிய உரிமை மறுக்கப்பட்டிருந்தது.

இங்கேதான் கிறிஸ்துமஸ் புத்தாடைக்கு வேறு பொருள் வருகிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல மார்பை மறைக்கக் கூடாது என்பது விதி. மிஷனரி மனைவியர் அவர்களுக்காக ‘குப்பாயம்’ என்னும் தளர்ந்த ரவிக்கையை வடிவமைத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்; அவர்களில் மார்த்தா மால்ட்டும் ஒருவர். 1829 ஆணை குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையை மறுத்தது. பெண்கள் ஆணையோடு நிற்கவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போனார்கள். சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும், கிறிஸ்துமஸை ஒட்டிய அதே வாரங்களில், கலவரம் உச்சத்துக்குப் போனது. பெண்கள் தாக்கப்பட்டார்கள், பள்ளிகளும் சிறு கோயில்களும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 பிரகடனம் மார்பை மறைக்கும் உரிமையை ஏற்றது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற வாலையும் ஒட்டியே ஏற்றது.

அந்த ஆண்டுகளில் ஒரு நாடார்ப் பெண் பண்டிகைக் காலையில் புதுத்துணி உடுத்திக் கோயிலுக்கு நடந்தால், வழியெல்லாம் அது ஓர் அறிவிப்பு. நெல்லை, குமரிக் கிறிஸ்தவ ஊர்களில் இன்றும் கிறிஸ்துமஸுக்குக் கேக் இல்லாவிட்டாலும் புத்தாடை இல்லாமல் இராது. அதிகாலை ஆராதனைக்குப் புதுச்சேலையில் போகும் பாட்டிமார்களின் நடையில் இருக்கும் நிமிர்வைச் சமய பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஊசி பிடித்து அதற்கு வழிசெய்தவர்கள் மிஷன் பட்டியலில் ‘உதவி’. உயிரைப் பணயம் வைத்து அணிந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை.

இதனால் மிஷனரி மனைவியரைக் கொண்டாடி முடித்துவிடலாம் என்று பொருளல்ல. இடையன்குடி விடுதியில் படித்த பெண்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட எதிர்காலம் பெரும்பாலும் உபதேசியார் மனைவி, ஆசிரியர் மனைவி என்பதே. தான் எந்தச் சட்டகத்துள் வாழ்ந்தாரோ அதே சட்டகத்தை எலைசா அவர்களுக்கும் கொடுத்தார். கணவரும் அந்த மக்களை எழுதிய முறையில் பிழை செய்தார். 1849இல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல், தம் கண் முன்னாலிருந்த சபையாரையே இழிவாகச் சித்திரித்தது. அச்சமூகத்தின் படித்த தலைமுறை அதை எதிர்த்து நீண்ட காலம் போராடியது. நாசரேத் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் 1857இல் வெள்ளையர் தொடர்பற்ற தனிச் சபையைத் தொடங்கியதற்கு அந்தக் காயமும் ஒரு காரணம். அச்சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த வழக்கங்களை வேதத்தோடு உரசிப் பார்த்துக் கேள்வி கேட்டது. நியூ இங்கிலாந்துப் பியூரிட்டன் கேட்ட அதே கேள்வியைப் பிரகாசபுரத்துத் தமிழர் கேட்டபோது மட்டும் அது கலகமாகிவிட்டது.

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் முப்பத்துமூன்று ஆண்டுகளில் கட்டி 1880இல் முடித்த தூய திரித்துவ ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது. எலைசா மேலும் எட்டு கிறிஸ்துமஸ்களைத் தனியாகக் கண்டார். மிஷனரி இறந்தபின் மனைவிக்கு ஊழியத்தில் இடமில்லை, பங்களாவும் மிஷனுடையது, பலர் கப்பலேறிவிடுவார்கள். அவர் இங்கேயே இருந்து 1899இல் மறைந்து, அதே ஆலயத்தில் அடக்கமானார். ஊர் கணவரைக் ‘கால்டுவெல் ஐயர்’ என்று அழைத்தது. வெள்ளைக்காரப் பாதிரியை ஐயர் என்பது நெல்லை வழக்கு. மனைவியை ‘அம்மா’ என்றது. ஐயர் பட்டம் ஒரு பதவி, மற்றவர்க்கும் மாற்றித் தரலாம். அம்மா என்பது உறவு. அந்த உறவுக்குள் அவர் செய்த வேலை அத்தனையும் தாய்மை என்ற பெயரில் கணக்கில்லாமல் போனது.

தமிழச்சி மிஷனரியானபோது

வெள்ளைக்காரர் மட்டும்தான் மிஷனரித் தம்பதியா? இல்லை. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி, தாங்களே ஆள் அனுப்ப ‘இந்திய மிஷனரி சங்கம்’ தொடங்கினார்கள். அவர்கள் தேர்ந்த களம் நிஜாம் ஆண்ட ஹைதராபாத் அரசின் தோர்னக்கல். தொடக்கத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1909இல் அவரே குடும்பத்தோடு தோர்னக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அவர் மனைவி அன்பு மாரியம்மாள். 1898இல் அவர்கள் மணந்தபோது, தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்புக்குப் போன முதல் சிலரில் அன்பு ஒருவர். அந்தக் கல்வியோடு அவர் போய்ச் சேர்ந்தது, தொடக்கத்தில் வீடுகூட இல்லாமல் கூடாரத்தில் வாழ வேண்டியிருந்த ஓர் ஊருக்கு. மொழி தெலுங்கு, ஆட்சி நிஜாமுடையது, சுற்றிலும் காடு. தமிழ்ப் பெண்ணுக்கு அது எல்லா வகையிலும் அயல்நாடு. நெல்லை வழக்கத்தில் பண்டிகை என்றால் அதிகாலை ஆராதனை, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுடும் முறுக்கும் அதிரசமும், கருப்பட்டியும் பாசிப்பயறும் சேர்ந்த முந்திரிக்கொத்து, வீட்டுக்கு வீடு தட்டு மாறுவது, பிறந்த வீட்டுக்குப் போவது. புதிய ஊரில் தட்டு மாற அக்கம்பக்கம் இல்லை; பிறந்த வீடு ரயிலில் வெகுதூரம். பண்டிகையை உண்டாக்க வேண்டுமானால் முதலில் சுற்றத்தை உண்டாக்க வேண்டும்.

அந்தச் சுற்றம் மாலா, மாதிகா மக்களிலிருந்து வந்தது. நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சாதியை வீட்டு வாசலோடு விட்டுவிட்டவை அல்ல. பிரசங்க மேடையில் சமத்துவம் பேசுவது ஆணுக்கு எளிது. சமைத்த உணவு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான் அது சோதிக்கப்படும், அந்த இடம் பெண்ணின் பொறுப்பு. தோர்னக்கல்லில் ஊழியத்துக்குப் பயிலவந்த ஆண்களின் மனைவியருக்கும் பயிற்சி தரப்பட்டது. அன்பு அந்தப் பெண்களோடு வேலை செய்தார். பேராயத்தின் ‘தாய்மார் சங்க’த்தை நடத்தினார். ஊழியனின் மனைவி எழுதப் படிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும், அவளுக்கும் ஊரில் ஒரு பொறுப்பு உண்டு என்பது அங்கே கொள்கையாயிற்று. இடையன்குடியில் ‘மனைவியாகப் பயிற்றுவது’ என்றிருந்தது இங்கே ‘மனைவியையும் பயிற்றுவது’ என்று ஓர் அடி நகர்ந்தது. சட்டகம் உடையவில்லை, அகன்றது.

தோர்னக்கல் பேராலயம் 1939இல் நிறைவுபெற்றது. இந்துக் கோயில், மசூதி, கிறிஸ்தவ ஆலயம் மூன்றின் கட்டடக்கூறுகளும் கலந்த கட்டடம் அது. அசரியா வரலாற்றில் அது பெரிய பக்கம் பெறுகிறது. முப்பத்தாறு ஆண்டுகள் அந்த வீட்டின் அடுப்பு யாருக்கெல்லாம் எரிந்தது என்பதும் அதே அளவு பெரிய பக்கம்தான். 1944 கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு வாரத்தில், 1945 ஜனவரி 1 அன்று, அசரியா தோர்னக்கல்லில் இறந்தார். பண்டிகைக்கு வந்தவர்களே இறப்புக்கும் வர, ஒரே வாரத்தில் இரண்டுக்கும் பந்தி வைக்க வேண்டிய வீடு அது.

பட்டியலில் இல்லாத கைகள்

இந்த மூன்று வீடுகளிலும் மனைவிக்குப் பின்னால் இன்னொரு வரிசை உண்டு. ஆயா, சமையற்காரர், துணி வெளுப்பவர், விடுதியில் மூத்த சிறுமி, வீடு வீடாகப் போன பைபிள் உமன். மிஷனரி மனைவி ‘துணை’ என்றால், இவர்கள் துணைக்கும் துணை. மனைவியின் பெயராவது கல்லறையில் பொறிக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் அன்று தன் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மிஷனரியின் பிள்ளைக்குப் புதுச்சட்டை மாட்டிய ஆயாவுக்கு அதுவும் இல்லை. பெண் வரலாறு எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு எலைசாவோடு நின்றுவிட்டால், ‘தம்பதி’ என்று எழுதிய பழைய வரலாற்றாசிரியரிடமிருந்து நாம் விலகிவந்த தூரம் ஒரு படிதான்.

ஆய்வுக்கு வரும் மாணவிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது. மிஷன் ஆவணங்களில் பெண்களைத் தேடும்போது பெயர் அகராதியில் தொடங்காதீர்கள். துணி, தானியம், நூல், கூலி, பரிசுப்பொருள், கடிதம், விடுதிச் செலவு என்று பொருள்களில் தொடங்குங்கள். ஒரு பண்டிகை நடந்தது என்றால் அதற்கு இன்னின்ன வேலைகள் நடந்தே ஆக வேண்டும். அவற்றை யார் செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘அயல்நாடு’ என்ற சொல் வரும் இடமெல்லாம் யாருக்கு என்று கேளுங்கள். மேரிக்குப் பண்டிகையே அயல். எலைசாவுக்கு அயல்நாடு என்று சொல்லப்பட்டது சொந்த ஊர். அன்புவுக்கு அடுத்த மாகாணமே அயல்நாடு.

இன்று தமிழ்நாட்டிலிருந்து குஜராத்துக்கும் ஒடிசாவுக்கும் வடகிழக்குக்கும் போய் வாழ்நாளைக் கழித்து முதுமையடைந்த மிஷனரித் தம்பதிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் கணவர்களின் சாட்சிகள் நூல்களாகவும் பிரசங்கங்களாகவும் வந்துகொண்டிருக்கின்றன. மனைவியர் உயிரோடு இருக்கிறார்கள், பேசுவார்கள். முதல் கிறிஸ்துமஸுக்கு அந்த ஊரில் என்ன சமைத்தீர்கள், யாருக்கு முதலில் கொடுத்தீர்கள், அன்று உங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று யாராவது போய்க் கேட்டு எழுத வேண்டும். அதற்கு நூறாண்டு காத்திருந்து ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டிய அவசியம் இல்லை.